தண்ணி குடி என்கிறார்கள், போக இடம்?

"நிறையத் தண்ணி குடிம்மா." நீர்க்கடுப்பு என்று யாரிடம் போய் நின்றாலும் இதுதான் முதல் பேச்சு. டாக்டர் சொல்கிறார், ஊசி போடும் நர்ஸ் சொல்கிறார், மருந்துக் கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்கிறார். சரியான பேச்சுதான். ஆனால் குடித்த தண்ணீரை எங்கே போய் விடுவது என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. பாலக்கோட்டில் விடிவதற்கு முன்பே தக்காளி மண்டிக்கு வந்து, கூடை கூடையாகத் தரம் பிரித்துப் போட்டுவிட்டு மதியம் ஊர் திரும்பும் பெண்ணைக் கேளுங்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அடுத்தவர் களத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து புளி தட்டும் பெண்ணைக் கேளுங்கள். தருமபுரி கடைவீதியில் ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்ணைக் கேளுங்கள். ஒரே பதில்தான் வரும். "தண்ணி குடிச்சா போகணுமே, அதனால குடிக்கறதே இல்லைங்க."

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். கூட வரும் பெண்கள் பலருடைய பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் நிரப்பிக் கொண்டுவந்தது சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். கிளம்பும்போது அரை டம்ளர் காப்பி, மதியம் சாப்பாட்டோடு நாலு மடக்கு, அவ்வளவுதான். வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் சித்திரை வைகாசியிலும் இதே கணக்குதான். இதை அவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் சின்னப் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் பாடமே இதுதான். கேட்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அடக்கி வைத்தால் உள்ளே என்ன ஆகிறது? சிறுநீர்ப்பை ஒரு தசைப் பை. 400, 500 மில்லி பிடிக்கும். நம் குடலில் சும்மா இருந்துகொண்டிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து மேலே ஏறுகிறது. பெண்ணுக்கு அந்த வழி சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆணுக்கு 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஏறி வந்த கிருமி தன் மெல்லிய இழைகளால் பையின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அவ்வப்போது சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலானவை அதோடு அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மணிக்கணக்கில் தேங்கிக் கிடந்தால் பெருகும், சுவர் சிவந்து வீங்கும். சிறுநீர்ப்பை அழற்சி என்று மருத்துவர்கள் எழுதுவது இதைத்தான். இப்போதுதானே போனோம் என்றிருக்கும், மறுபடி முட்டும். ஓடிப்போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி. அடிவயிறு கனத்து வலிக்கும். சிறுநீர் கலங்கி நாறும், சில சமயம் ரத்தம் தெரியும். பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும் நோய் இது. பாதிப் பேர்! ஆனாலும் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

"சூடு பிடிச்சிருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, இளநீர் குடி, பார்லிக் கஞ்சி குடி. வெயிலில் தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டிப்பட்டால் லேசாக எரிவது உண்டு, இளநீரும் மோரும் குடித்தால் அது அரை நாளில் அடங்கிவிடும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எல்லாக் கடுப்பையும் சூடு என்று தீர்மானிக்கிறார்கள். கிருமியால் வந்த அழற்சிக்குப் பெருவிரல் சுண்ணாம்பு என்ன செய்யும்? சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சுண்ணாம்புக்குப் பேர் கிடைக்கும். சரியாகாதவர்களுக்குக் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகலாம்.

அடுத்து மருந்துக் கடை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், சந்தை நாளில், எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றார். கையில் காய்கறிக் கூடை. கடையில் ஆண்கள் கூட்டம். அவர் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, நீருக்குப் போனா எரியுது" என்றார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை நாளா?" "மூணு நாளா." "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்கவில்லை. "முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்கவில்லை. சர்க்கரை உண்டா என்றும் கேட்கவில்லை. பின்னால் திரும்பி ஒரு அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டினார். நார்ஃப்ளாக்சாசின். கூடவே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிரப். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எரிச்சல் நின்னா நிறுத்திக்கங்க." அந்த அக்கா காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டுகூட இல்லாத அந்தத் துண்டு அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

இதில் எது சரி? நார்ஃப்ளாக்சாசின், சிப்ரோஃப்ளாக்சாசின் வகை மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கி விழுங்கியே, இந்தியாவில் ஈ.கோலைக்கு அவை பெருமளவு கேட்காமல் போய்விட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் வருடா வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சாதாரணச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு இன்னும் நன்றாக வேலை செய்வது நைட்ரோஃபுரான்டாயின் என்ற பழைய மருந்து. 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 5 நாள். சிறுநீர் கரும்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. இல்லையென்றால் ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு வேளை. இரண்டையுமே டாக்டர்தான் எழுத வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது, கர்ப்பிணிக்குக் காலம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு சிரப் எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம், கிருமியைக் கொல்லாது. அது சிறுநீரின் புளிப்பை மாற்றிவிடுவதால் நைட்ரோஃபுரான்டாயினோடு சேர்த்துக் குடித்தால் அந்த மாத்திரையின் வேகமும் குறைந்துபோகும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எரிச்சல் நின்றதும் நிறுத்தச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் இரண்டு நாளிலேயே எரிச்சல் குறையும். மிச்சமிருக்கும் கிருமி அடுத்த மாதம் திரும்ப வரும், அடுத்த முறை இன்னும் பெரிய மாத்திரை, பிறகு ஊசி. ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். செஃபிக்சிம் போன்றவற்றை அட்டவணை எச்1-ல் சேர்த்து, யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. எந்தக் கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள்?

பரிசோதனைக்கும் இதே கதிதான். இளம் பெண்ணுக்கு முதல் தடவையாக வரும் சாதாரணக் கடுப்புக்கு அறிகுறியை வைத்தே டாக்டர் மருந்து தரலாம், தவறில்லை. திரும்பத் திரும்ப வந்தால், கர்ப்பமாக இருந்தால், சர்க்கரை இருந்தால், மருந்துக்குக் கேட்காவிட்டால் சிறுநீர் கல்ச்சர் பார்த்தே ஆக வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு நாளாவது ஆகும். எனக்கு எடுத்தபோது ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து "பிடிச்சுட்டு வாங்க" என்றார்கள், அதோடு சரி. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கழுவிக்கொண்டு பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை, சொன்னாலும் அங்கே குழாயில் தண்ணீர் இல்லை. டப்பா ஜன்னலோரம் வெயிலில் மற்ற டப்பாக்களோடு மதியம் வரை இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி, இல்லாத நோயும் இருப்பதாக வரும். "கலப்படக் கிருமிகள்" என்று முடிவு வந்தது. மறுபடி முதலிலிருந்து.

இதற்கு நேர்மாறான அவஸ்தை ஒன்றும் உண்டு. மாதக்கணக்கில் வலி, அடிக்கடி சிறுநீர், கல்ச்சர் எடுத்தால் ஒரு கிருமியும் இல்லை. சிறுநீர்ப்பை வலி நோய் என்று அது தனி வகை. அங்கே ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சிறுநீரியல் மருத்துவர் பார்த்து, உணவு, இடுப்படித் தசைப் பயிற்சி, வேறு மருந்துகள் என்று பொறுமையாகப் போக வேண்டியது. கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், கடைசியில் "மனசுலதான் இருக்கு" என்று அந்தப் பெண்ணையே குற்றவாளி ஆக்குகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி கடுப்பு வரும் அம்மாக்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்புச் சுவர் உலர்ந்துபோவது ஒரு காரணம். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். அதை எழுத வேண்டுமானால் டாக்டர் கேட்க வேண்டும், அந்த அம்மாவும் வாய் திறந்து சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு உறவுக்குப் பிறகு வருவது இன்னும் சாதாரணம், உடனே எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்லது. இதைச் சொல்ல எந்த மாமியாருக்கு வாய் வரும்?

ஆண்கள் இதைப் பெண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆணுக்கு இது வந்தால் ப்ராஸ்டேட் வீக்கம், கல், அடைப்பு என்று பின்னால் ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். தேடிப் பார்க்காமல் விடக் கூடாது.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்து, விலாவுக்குக் கீழே முதுகு வலித்து, வாந்தி எடுத்தால் அது சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். "விடியட்டும், சுண்ணாம்பு வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

மறுபடி தண்ணீருக்கே வருகிறேன், ஏனென்றால் தண்ணீர் உண்மையிலேயே மருந்து. பல்கேரியாவில், அடிக்கடி இந்த நோய் வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். 2018-ல் வெளியான ஆய்வு. பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரி 1.7 தடவை, குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை. ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஒரு மாத்திரையும் இல்லாமல். ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தால் இன்னும் நாலைந்து தடவையாவது போக வேண்டும். அதற்கு எங்கள் மண்டியில் இடம் உண்டா? களத்தில் உண்டா?

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த மாவட்டம் எங்கள் தருமபுரி. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல் காவியேறி, எலும்பு வளைந்துபோன ஊர்களுக்கு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். 2013 மே 29-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடிந்த அரசாங்கத்தால், பஸ் நிற்கும் இடத்தில் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று போட முடியவில்லையா? 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்லது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். இறங்கும் இடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, அல்லது "சிறுநீர் கழிக்கக் கட்டணமில்லை" என்று பலகை வைத்துவிட்டு அதன் கீழேயே ஒருவர் மேசை போட்டுக் காசு வாங்குகிறார். ஆண்கள் பக்கத்துச் சுவரில் போகிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று அதே 2021-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. நாற்காலி வந்த கடைகளிலும் கழிப்பறை மூன்றாவது மாடியில், சாவி முதலாளி மேசையில்.

நூறு நாள் வேலைக்கென 2005-ல் வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்தில் குடிநீர் வேண்டும், குழந்தைகளுக்கு நிழல் வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கழிப்பறை அந்த வரிசையில் இல்லை. ஏரிக்கரையில் மண் வெட்டியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தொட்டி, குழாய், மோட்டார் என்று தீர்மானங்கள் வரும். அங்கே வரும் பெண்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், சந்தை மேட்டில், வேலை நடக்கும் ஏரிக்கரையில், கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் விளக்கும் உள்ள கழிப்பறை எப்போது வரும், யார் கழுவுவார்கள், அவர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.