கடைசிப் பந்தி மோர்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வாரம் புதிதாக ஏதாவது பலகாரம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அடுப்பங்கரைப் பக்கம் போகவே மனசு வரவில்லை. ஒரு டம்ளர் மோரைக் குடித்ததும் உயிர் வந்தது. கூடவே, மோரைப் பற்றியே எழுதினால் என்ன என்ற எண்ணமும் வந்தது.

"மோரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? தயிரில் தண்ணீரை விட்டால் மோர்!" என்று நீங்கள் சிரிக்கலாம். சகோதரிகளே, அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் அத்தை வீட்டில் பன்னிரண்டு பேர். வெயில் ஏறுவதற்கு முன்பே தூணில் கயிற்றைக் கட்டி அத்தை மத்தைச் சுழற்றுவாள். வெண்ணெய் திரண்டதும் உருட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மோரைக் கற்சட்டியில் ஊற்றி வைப்பாள். முதல் பந்தியில் ஆண்களும் குழந்தைகளும். அவர்களுக்குக் கெட்டி மோர். எதிர்பாராமல் ஒரு விருந்தாளி வந்துவிட்டால் கற்சட்டியில் ஒரு செம்பு தண்ணீர் ஏறும். அடுத்த பந்திக்கு இன்னொரு செம்பு. கடைசியாக மூன்று மணிக்கு அத்தை உட்காரும்போது, சாதத்தில் விட்ட மோருக்கு அடியில் இலையின் பச்சை நன்றாகத் தெரியும். "எனக்கு இப்படித்தான் பிடிக்கும். இலேசாக இருக்கும்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

அறுபத்திரண்டாவது வயதில் கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு மெலிந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். மோர் ஒன்றினால் வந்த வினை என்று நான் சொல்ல மாட்டேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிவது இயற்கை. ஆனால் முப்பது நாற்பது வருஷம் பச்சைத் தண்ணீரை மோர் என்று சாப்பிட்டு வந்ததும் அதற்குத் துணை போயிருக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லி டம்ளர் நிறையப் பசும்பால் தயிரில் சுமார் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆறு கிராமுக்கு மேல் புரதமும் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஆக, ஒரு டம்ளர் தயிர் ஏறக்குறைய கால் பங்கைக் கொடுத்துவிடுகிறது. அதே தயிரில் மூன்று பங்கு தண்ணீர் விட்டால், ஒரு டம்ளர் மோரில் இருப்பது 60 மில்லிகிராம். ஒன்பது பங்கு விட்டால் வெறும் 24! அத்தை சாப்பிட்டது இந்தக் கடைசி மோரைத்தான்.

கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால் மோரில் சத்தே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. வெண்ணெயோடு போவது கொழுப்பும், கொழுப்பில் கரையும் ஏ வைட்டமின் போன்றவையும்தான். சுண்ணாம்புச் சத்தும், புரதமும், மரக்கறி உண்பவர்களுக்கு மிகவும் அவசியமான பி-12 வைட்டமினும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. உடல் பருத்தவர்களுக்கு வெண்ணெய் எடுத்த மோர் நல்லது. வளரும் குழந்தைகளுக்கு வெண்ணெய் எடுக்காத தயிரே நல்லது.

நெய்யை உருக்கியும் மோரை நீர் விட்டுப் பெருக்கியும் உண்ண வேண்டும் என்பது சித்த வைத்தியத்தில் பழைய விதி. வாஸ்தவந்தான். பெருக்கச் சொன்னார்களே தவிர, மோர் இருந்த இடம் தெரியாமல் அடிக்கச் சொல்லவில்லை!

பாலைக் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள்கூட மோரைச் சுகமாகச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியைத் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் முன்னாலேயே புளிப்பாக மாற்றிவிடுகின்றன. நமக்குப் பதில் அவை பாதி ஜீரணத்தை முடித்து வைக்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்களேன். பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த மெச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி, புளித்த பால் ஆயுளை வளர்க்கும் என்று நம்பித் தாமும் அதை விடாமல் சாப்பிட்டு வந்தார். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பரிசு கிடைத்தது வேறு ஆராய்ச்சிக்காக. 1916-ல் தம்முடைய எழுபத்தோராவது வயதில் காலமானார். ஆகவே, மோர் அமிர்தம் அல்ல, நல்ல ஆகாரம். அவ்வளவு போதாதா?

இனி, என் யோசனை இது. வீட்டில் ஒரே மோரை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். சாதத்துக்கு ஒரு மோர், தாகத்துக்கு ஒரு மோர் என்று காலையிலேயே பிரித்து வையுங்கள்.

சாதத்து மோர், ஒரு பங்கு தயிருக்கு ஒரு பங்கு தண்ணீருக்கு மேல் போக வேண்டாம். தாகத்து மோருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் விடலாம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி இவற்றைத் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் உப்பும் சேர்த்து, மண் பானையில் ஊற்றி வையுங்கள். தாளிதம் கடைசியில் போதும். ஸ்ரீராம நவமிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் வைப்பது இந்த மோர்தானே! வெயில் கடுமையான நாட்களில் குடிக்கச் சொல்லித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லும் பானங்களில் கஞ்சித் தண்ணீர், எலுமிச்சம்பழச் சாற்றோடு மோரும் இருக்கிறது.

உப்பில் மட்டும் கை தாராளமாக இருக்கக் கூடாது. நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் அடங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்து, இஞ்சியையும் கொத்தமல்லியையும் கூட்டிக் கொள்ளட்டும்.

மோர் புளித்துவிட்டதா? கவலை வேண்டாம், அடுப்பங்கரையில் அதற்கு ஆயிரம் வேலை.

மோர்க்குழம்பு திரிந்து போகிறது என்பது புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்களின் குறை. ஒரு மேஜைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியும் அரை மணி ஊறட்டும். அவற்றைத் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு நைய அரைத்து, கெட்டியான புளித்த மோரில் கரையுங்கள். அரிசியும் பருப்பும்தான் மோரைத் திரியாமல் காக்கின்றன. வெண்டைக்காயை வதக்கியோ, பூசணிக்காய், சேப்பங்கிழங்கை வேக வைத்தோ சேர்த்து, சிறு தீயில் கிளறிக் கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டிப் பொங்கி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் தண்ணீர் வேறு, கட்டி வேறு ஆகிவிடும். சூடு தணியும் வரை மூடவும் கூடாது. தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டினால் ஊரே மணக்கும்.

மாலைச் சிற்றுண்டிக்கு மோர்க்களி. ஒரு டம்ளர் அரிசி மாவை மூன்று டம்ளர் புளித்த மோரில் உப்போடு கட்டியில்லாமல் கரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர் மிளகாய், பெருங்காயம் தாளித்து, மாவை விட்டுக் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். பத்து நிமிஷ வேலை.

வாழைப்பூ, வாழைத்தண்டு நறுக்கும்போது மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது, புளிப்புத்தான் காரணம். ரவா தோசை மாவைப் புளித்த மோரில் கரைத்தால் தனி ருசி. கேழ்வரகுக் கூழில் கெட்டி மோர் விட்டுக் கரைத்துக் குடித்துப் பாருங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மோரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

ஒரு எச்சரிக்கை. பித்தளைப் பாத்திரங்கள் இப்போது மறுபடியும் மோஸ்தராகிவிட்டன. ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ மோரை வைக்காதீர்கள். புளிப்பில் செம்பு கரைந்து களிம்பேறும், வாந்தி எடுக்கும். கற்சட்டி, மண் பானை, எவர்சில்வர், கண்ணாடி எதுவானாலும் சரி.

இன்னொன்று, குழந்தைகளைப் பற்றி. வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரைக்கூட நிறுத்திவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைப் போன்ற அபாயம் வேறில்லை. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், உப்பிட்ட மோர் இரண்டையுமே கொடுக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மோர் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்துக்குப் பதில் மோர் ஆகாது. அந்தப் பொட்டலத்தை மோரில் கரைக்கவும் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில், அதில் எழுதியுள்ள அளவுப்படி கரைக்க வேண்டும். கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதே போல, வெயிலில் மயங்கி நினைவு தவறியவர் வாயில் மோரைப் புகட்டாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பைத் தண்ணீரால் நனைத்து, விசிறிக் கொண்டே உடனே வைத்திய உதவி தேடுங்கள்.

குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. புதுக் குடித்தனம் நடத்தும் பெண் ஒருத்தி, முற்றிய தயிரைப் பிசைந்த கையால் கலைந்த புடவையைச் சரி செய்து கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏறப் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மலர்கிறது. அழகான பாட்டு. ஆனால் அப்புறம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று பாட்டில் இல்லை.

ஆகையால், நாளைக் காலை தயிரைக் கடைந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பரிமாற ஆரம்பிப்பதற்கு முன், தண்ணீர் ஏறுவதற்கு முன், ஒரு டம்ளர் கெட்டி மோரை எடுத்துத் தனியே மூடி வையுங்கள். அது உங்களுக்கு. விருந்தாளி வந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். வீட்டில் யாராவது "இது யாருக்கு?" என்று கேட்டால், கூசாமல் "எனக்குத்தான்" என்று சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த டம்ளரை நீங்களே எடுத்து மூடி வைத்தால் இன்னும் சிலாக்கியம். என் அத்தைக்கு அப்படி எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.