புகைக்கு எல்லை ஏது?



புகைமூட்டம் சூழும்போதெல்லாம் பெற்றோர் நம்மிடம் கேட்பது, "நாளைக்குப் பள்ளி உண்டா?" என்பதே. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கைகள் நிறுத்தப்படும். 200ஐத் தாண்டினால் பள்ளி மூடப்படும். தேவையான விதிதான். ஆயினும், கதவை அடைத்துக்கொள்வது மட்டுமே தீர்வாகுமா?

2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கோலக் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்கலாம். குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. சுமத்திராவில் மூண்ட தீயின் புகை அது. மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்புக் கரிமண்ணில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், காய்ந்த மண்ணே எரிபொருளாகிவிடுகிறது. தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் எல் நினோ வறட்சி அதனை மேலும் பெருக்கியது. புவி வெப்பமடைய வெப்பமடைய, இத்தகைய வறட்சியின் கடுமையும் கூடும்.

எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் 10ஆம் நாள் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. 2003இல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா 2014இல்தான் அதனை ஏற்புறுதி செய்தது. மீறுவோரைத் தண்டிக்க அதில் வழியில்லை. எனவே 2015இலும் 2019இலும் நம் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

அண்டை நாட்டை மட்டும் குறைகூறுவதும் நேர்மையாகாது. கிள்ளானை அடுத்துள்ள ஜொஹான் செத்தியாவிலும் கரிமண் நிலம் எரிந்திருக்கிறது. இந்தோனேசியாவில் மலேசிய நிறுவனங்களின் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. எரிப்பவருக்கு நாடு எதுவாயினும், புகையைச் சுவாசிப்பவர் இருநாட்டுக் குழந்தைகளே.

நாட்டின் பாதுகாப்பு என்றால் படையும் ஆயுதமும் மட்டுமல்ல. மக்கள் மூச்சுவிடும் காற்றும் பாதுகாப்பே. 1997இல் நம் தீயணைப்பு வீரர்கள் சுமத்திராவுக்கே சென்று தீயை அணைத்தார்கள். அந்த ஒத்துழைப்பு தீ பிடித்த பிறகு வந்தது. வறட்சிக்கு முன்னரே கால்வாய்களை அடைத்துக் கரிமண்ணை ஈரமாக வைத்திருக்க, ஆசியான் நாடுகள் ஒன்றுகூடிச் செலவிட வேண்டும். வெளிநாட்டில் எரித்துத் தன் நாட்டைப் புகையில் மூழ்கடிப்போரையும் தண்டிக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் 2014இலேயே இயற்றியது. அத்தகைய சட்டம் ஒவ்வோர் ஆசியான் நாட்டிலும் வேண்டும்.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் முகக்கவரி அணியச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். புகை எங்கிருந்து, ஏன் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஜொஹான் செத்தியாவைப் பற்றிக் கேளுங்கள். வானம் தெளிந்திருக்கும்போது கேட்பதே பயன்தரும்.