பெட்டி வேறு, பூட்டு வேறு

எண்ணூர் விரைவு சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைக் காட்டி, "உள்ளே இருக்கறது வெளியே தெரியலை, அதனால சரக்கு பத்திரம்" என்று யாராவது சொன்னால் திருவொற்றியூரில் பள்ளிக்கூடப் பையன்கூடச் சிரிப்பான். பெட்டி, சரக்கை ஏற்றி இறக்கும் வசதிக்கு. பத்திரத்துக்கு சீலும் பூட்டும் தனியாக வேண்டும். இதே ஊர்க்காரர்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் இந்த அறிவைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிறார்கள்!

விஷயம் பேஸ்64. இதற்கு ஓர் அண்ணன் உண்டு, யூயுஎன்கோட். 1980ல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்டன் எழுதிய சின்னக் கட்டளை. அன்றைய மின்னஞ்சல் வழிகளில் சாதாரண ஆங்கில எழுத்து மட்டும்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும். படத்தையோ புரோகிராமையோ அப்படியே அனுப்பினால் வழியில் சிதைந்துவிடும். அதனால் கோப்பை மும்மூன்று பைட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்கு எழுத்தாக்கி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் யூயுடிகோட் என்று தட்டினால் பழைய கோப்பு. மூன்று நான்காவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும், அது கப்பல் கூலி மாதிரி. 1992ல் மைம் வந்தபோது அந்த வேலையை பேஸ்64 எடுத்துக்கொண்டது. இன்றும் மெயிலில் இணைப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன.

இந்தக் கதையில் சாவி எங்கே வந்தது? வரவே இல்லை. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், பிரிப்பதற்காகத்தான் கட்டியதே.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8ல் 'க' மூன்று பைட். பேஸ்64ல் கட்டினால் 4, கே, 6, வி என்று நான்கு எழுத்து. எந்தத் தமிழ்ச் சொல்லைக் கட்டினாலும் நான்கு எழுத்துக்கொரு முறை அந்த 4-ம் கே-யும் வந்து நிற்கும். பிரிக்காமலே "இது தமிழ்" என்று சொல்லிவிடலாம். (என்ன ரகசியமோ!)

இருந்தும் பாஸ்வேர்டை பேஸ்64ல் எழுதி வைத்துவிட்டு "என்கிரிப்ட் பண்ணியாச்சு சார்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் பேஸ்64 என்றே ஒரு கட்டளை... ஒரே வரியில் வெளியே வந்துவிடும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பக்கத்து வீட்டு விவகாரம் இல்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்த ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. ராயபுரத்து கிளியரிங் ஆபீஸ் மேசைகளுக்கும் வந்து சேரும் அந்த பில்லில் ஒரு க்யூஆர் கட்டம். அதற்குள் புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டு, எல்லாம் பேஸ்64 வகை எழுத்து. நடுத்துண்டைப் பிரித்தால் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, முக்கியப் பொருளின் எச்.எஸ்.என். எல்லாம் பளிச்.

"டிஜிட்டல் கையெழுத்து இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, கடைசித் துண்டில். அது கண்டெய்னர் சீல் மாதிரி. யாராவது தொகையைத் திருத்தினால் காட்டிக் கொடுக்கும். படிப்பதைத் தடுக்காது, தடுக்க வேண்டும் என்று யாரும் அதை வைக்கவும் இல்லை. தப்பு அரசாங்கத்துடையது இல்லை, புரியாமல் பயன்படுத்துகிறவருடையது.

"யாரு சார் அதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கப் போறா?" போட்டிக் கம்பெனிக்காரர் பார்ப்பார். என்ன ரேட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஊகிக்க ஒரு செல்போனும் இரண்டு நிமிஷமும் போதும். பில்லைப் படம் பிடித்து, தொகையின் மேல் கறுப்பு மை பூசி வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர், அந்தக் கட்டத்தின் மேலும் கொஞ்சம் பூசிவிட்டுப் போடட்டும்.