மடக்கெழுத்தாணியும் மட்டாஞ்சேரிக் கடைகளும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் ஒருமுறையாவது நுழையாத தமிழ்க் குடும்பம் நம் சங்கத்தில் இருக்காது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் டச்சு அரண்மனை, பரதேசி யூதப் பள்ளி, அப்புறம் இந்தக் கடைகள் என்று ஒரு சுற்று அழைத்துப் போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சில சமயம் பித்தளைக் கைப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியைக் காணலாம். ஒரு பக்கம் சிறு கத்தி, மறுபக்கம் தடித்த ஊசி போல ஒன்று. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். "பழய பேனாக்கத்தியாணு, ஸாரே" என்பார் கடைக்காரர். ஊசி எதற்கு என்று கேட்டபோது, கடித உறை பிரிக்க என்று ஒருவரும், காது குடைய என்று இன்னொருவரும் எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்!

அன்பர்களே, அது மடக்கெழுத்தாணி. ஓலையை நறுக்கி ஓரம் சீவக் கத்தி, எழுத எழுத்தாணி. இரண்டையும் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். கணக்கர், புலவர், வைத்தியர், திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லோருக்கும் அதுதான் பேனா. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று வேறு வகைகளும் இருந்தன. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏடெழுதுபவர் இடது கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறை போல ஒரு வெட்டு வைத்துக்கொள்வாராம். எழுத்தாணி அதில் பதிந்து நகரும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளோ கரியோ இலைச்சாறோ தடவித் துடைத்தால்தான் தெளியும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். பழைய சுவடியைப் படிப்பதில் பாதித் தொல்லை அதனால்தான்.

மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். என் நண்பர் ஒருவர், கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாலுமிகளிடம் வாங்கிய ஷெஃபீல்டு கத்திகளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ் கத்தியை எடுத்தால் அரைமணி நேரம் பேசுவார். 1851 லண்டன் கண்காட்சியில் அந்தக் கம்பெனி 75 அலகுகள் கொண்ட ஒரே கத்தியை வைத்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். நம் நாட்டு ராம்பூர் கத்தியும் சளைத்ததல்ல. சட்டக் கட்டுப்பாட்டாலும் மலிவான போட்டிச் சரக்காலும் தொழில் நலிந்துபோன அந்த ஊரில், 2023ல் சாலைச் சந்திப்பில் சுமார் 20 அடி நீளக் கத்தியை நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

இந்த ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவைச் சீவியதால் வந்தது. 1830களில் இரும்பு நிப்பு பெருகியபின் சீவ வேண்டிய அவசியம் போயிற்று, பெயர் நின்றது, கத்தியும் பென்சில் சீவவும் மாங்காய் நறுக்கவும் பிழைத்துக்கொண்டது. மடக்கெழுத்தாணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. எழுத்தாணியை ஓரங்கட்டிய அச்சு நம்மை வந்தடைந்ததே இந்தக் கடற்கரையில்தான். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, 1579ல், 'கிரீசித்தியானி வணக்கம்' நம் கொச்சியில் தமிழில் வெளிவந்தது. அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகள் ஓலை தாக்குப்பிடித்தது. 1675ல் இட்டி அச்சுதன் வைத்தியர் தம் குடும்பத்து ஏட்டறிவை வான் ரீடுக்குச் சொன்னதும் இதே கொச்சியில்தான். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது அப்படித்தான்.

என் வருத்தம் கத்தியைப் பற்றியதல்ல, அதோடு இருந்த ஓலையைப் பற்றியது. எழுத்தாணிக்குக் கைப்பிடியின் பித்தளை வேலைப்பாட்டைப் பார்த்து விலை வைக்கிறார்கள். வெறும் இரும்புப் பிடி என்றால் மதிப்பில்லை. உண்மையில் அதிகம் எழுதியது அதுவாகத்தான் இருக்கும். சுவடியையோ கயிற்றை அறுத்து ஏடு ஏடாகப் பிரிக்கிறார்கள். எழுத்தின் மேலேயே பிள்ளையாரும் யானையும் தீட்டி, சட்டம் போட்டு விற்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஏட்டில் ஒரு பாட்டனார் எழுதிவைத்த வாத நோய் மருந்தும் இருக்கலாம், நிலத்தகராறும் இருக்கலாம். நடு ஏடு ஒன்று சுவரில் தொங்கினால் மீதி ஏடுகளுக்கும் பொருள் போய்விடும். ஆடிப் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டதை எண்ணி உ.வே.சா. நொந்துபோனார். அந்த மக்களாவது சாமி காரியம் என்று நம்பிச் செய்தார்கள்.

நம்மில் திருநெல்வேலி, நாகர்கோவில், பாலக்காடு பக்கத்துப் பழைய வீடுகளுக்கு உரிமையுள்ளவர்கள் பலர். பாகப்பிரிவினை நடக்கும்போது, வீட்டை இடிக்கும்போது, பரணிலிருந்து இந்த இரண்டும் சேர்ந்தே இறங்கும். எழுத்தாணியை ஒரு தம்பி எடுத்துக்கொள்ள, ஓலைக்கட்டு குப்பைக்குப் போகும். தயவுசெய்து பிரிக்காதீர்கள். கட்டை அவிழ்க்கவும் வேண்டாம், தண்ணீர் தொட்டுத் துடைக்கவும் வேண்டாம். யார் வீட்டது, எந்த ஊர், என்ன தொழில் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ.வே.சா. நூல்நிலையமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. கொடுக்க மனமில்லையென்றால் படமெடுக்கவாவது அனுமதியுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு நினைவுப் பொருளாக அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள சுவடி 75 ஆண்டு கடந்தாலே தொல்பொருள்; மற்றவற்றுக்கு 100 ஆண்டு. அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, அத்தை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு பனையோலை நறுக்கில் தன் பெயரைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எழுத்திலேயே ஓலை கிழியும். இரண்டாவது நறுக்கைக் கையில் எடுத்து வைத்திருங்கள்.