அலாஸ்காவுக்கு அப்பத்தா வருவாங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையில் காபி நேரம், சியாட்டிலில் சனிக்கிழமை இரவு. வீடியோ காலில் மகன் உற்சாகமாக அறிவித்தார்.

“அம்மா, அடுத்த ஜூன்ல எல்லாருமா அலாஸ்கா க்ரூஸ் போறோம். ஏழு நாள். பனியாறு, திமிங்கலம் எல்லாம் பாக்கலாம்!”

அப்பா கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவுப்பா ஆகும்?”

அம்மா கேள்வியே கேட்கவில்லை. “நான் வீட்டுலயே இருந்து சின்னவனைப் பாத்துக்கிறேன். நீங்கல்லாம் சந்தோஷமா போயிட்டு வாங்க” என்று முடித்துவிட்டார்.

அம்மா குளிருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, தெர்மல் உடைகளின் லிங்க் நாலைந்தை வாட்ஸப்பில் தட்டிவிட்டார் மகன். மருமகளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மறுநாள் தனியாகப் போன் செய்தார். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிய பிறகுதான் விஷயம் வந்தது.

“ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகணும்மா. ஆடுற கப்பல்ல விழுந்து வச்சா உங்களுக்குத்தான் கஷ்டம். பஸ்ல மணிக்கணக்கா கூட்டிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்? இதை எப்படி அவன்கிட்ட சொல்றது?”

மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில் திட்டம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். கப்பலின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு போன். ‘வரல’ என்று சொல்பவர்களின் மனதில் பெரும்பாலும் ஆசை இருக்கும். அதன் மேல் ஒரு சங்கடம் உட்கார்ந்திருக்கும்.

ஏழு பேர், ஏழு தேவை

இந்தக் குடும்பத்தில் மொத்தம் ஏழு பேர். 76 வயது தாத்தா, 71 வயது அப்பத்தா, மருமகளின் அம்மாவான அம்மாச்சி, மகன், மருமகள், 12 வயது பேத்தி, 4 வயது பேரன். தாத்தாவுக்கு சர்க்கரை. அம்மாச்சி கணவரை இழந்தவர், ‘சம்பந்தி வீட்டுக்காரங்களோட நான் எதுக்கு இடைஞ்சலா’ என்று தயங்குபவர். பேத்திக்கு வைஃபை இருக்குமா என்ற கவலை. பேரனுக்குத் திமிங்கலம்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார் மருமகள். பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

நடுவில் ஒரு கனடா

“அமெரிக்காவுல ஏறி அமெரிக்காவுலயே இறங்குறோம். அப்பா அம்மாகிட்ட பத்து வருஷ அமெரிக்க விசா இருக்கு. அப்புறம் என்ன?” என்று மகன் நினைத்திருந்தார். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதன்படி, வெளிநாட்டில் பதிவு செய்த கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வேறு எந்த நாட்டையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிவர முடியாது. பெரிய க்ரூஸ் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுப் பதிவு கொண்டவை. அதனால் சியாட்டிலில் கிளம்பும் அலாஸ்கா கப்பல் வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஓர் ஊரில் சில மணி நேரமாவது நின்றுதான் திரும்பும்.

இந்திய பாஸ்போர்ட்டில் வரும் அப்பா, அம்மா, அம்மாச்சி மூவருக்கும் அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். ‘நாங்க கப்பலைவிட்டு இறங்கவே மாட்டோம்’ என்றாலும் நம்பி இருக்கக் கூடாது. ஏறும் இடத்திலேயே காகிதத்தைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் கப்பல் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் மகனும் மருமகளும் இந்திய பாஸ்போர்ட்டையும் கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியானவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கனடா விசாவுக்குக் கைரேகை பதிய வேண்டியிருக்கும். சென்னையில் அதற்கான மையம் இருக்கிறது. ஜூன் பயணத்துக்கு மதுரையிலிருந்து அந்த வேலையை முந்தைய வருடக் கடைசியிலேயே தொடங்கியது இந்தக் குடும்பம்.

கடல் ஆடுமா?

அப்பத்தாவின் முதல் பயம் இது. பதில், கப்பல் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்பதையும் பொறுத்தது.

கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் ‘இன்சைட் பாசேஜ்’ என்ற தீவுகளுக்கு நடுவேயான நீர்வழியில் போகும். இரண்டு பக்கமும் மலையும் காடும் இருப்பதால் அலை குறைவு. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பலவும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறம், திறந்த கடல் வழியாகப் போகும். அந்தப் பகுதியில் ஆட்டம் கொஞ்சம் அதிகம்.

வீட்டிலிருந்து சியாட்டில் துறைமுகம் பக்கம்தான். ஆனாலும் வான்கூவரையே தேர்ந்தெடுத்தார்கள். காரில் சில மணி நேரம் கூடுதல், அப்பத்தாவுக்கு நிம்மதி அதைவிடக் கூடுதல்.

அடுத்தது அறை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவாகத் தெரியும். முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். வாந்திக்கு மாத்திரை உண்டு. ஆனால் அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடும்ப டாக்டரிடம் கேட்காமல் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

யார் எந்த அறையில்?

ஏழு பேருக்கு மூன்று அறை. தாத்தா, அப்பத்தாவுக்கு பால்கனி அறை. மகன், மருமகள், பேரனுக்குப் பக்கத்து அறை. அம்மாச்சி?

தனியறை என்றால் ஒருவரே இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டிவரும். அதைவிட, தனியாக ஒதுக்கியது போலவும் இருக்கும். பேத்தியே முடிவு சொன்னாள். “நானும் அம்மாச்சியும் ஒரே ரூம். அவங்க எனக்குக் கதை சொல்லணும், நான் அவங்களுக்கு ஃபோட்டோ எடுக்கக் கத்துத் தருவேன்.” அம்மாச்சியின் ‘இடைஞ்சல்’ பேச்சு அதோடு நின்றது.

அறையைப் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. சாதாரண அறைகளில் பாத்ரூம் வாசலில் ஒரு சின்னப் படி இருக்கும். தூக்கக் கலக்கத்தில் தடுக்கும். படி இல்லாமல், கைப்பிடியோடு இருக்கும் வசதி அறைகளும் உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு, சீக்கிரமே போய்விடும். மருமகள் அந்த அறையைத்தான் முதலில் பிடித்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம் நாலு எட்டுதான் என்று படத்தில் காட்டியபோது அப்பத்தா முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு.

இரவு விளக்கு, ரப்பர் அடி செருப்பு, ஒரு சின்ன மக். கப்பல் பாத்ரூமில் தண்ணீர்க் குழாய் வசதி இருக்காது என்பதால் மூன்றாவது பொருளை மறந்துவிட வேண்டாம்.

ரைஸ் குக்கர் வேண்டாம்

பால்கனியில் வைத்து ரசம் சாதம் செய்துவிடலாம் என்று அம்மாச்சி கணக்குப் போட்டிருந்தார். குக்கர், கெட்டில் போன்ற சூடாக்கும் சாதனங்களைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை. தீ பயம்தான் காரணம். சாமி விளக்கு, ஊதுபத்திக்கும் அதே கதை. ஏற்ற முடிந்தாலும் எப்போது ஏற்றுவது? ஜூன் கடைசியில் ஜூனோ நகரில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிவிடும்!

சாப்பாட்டுக்குப் பயமில்லை. பதிவு செய்யும்போதே ‘இந்திய சைவம்’ என்று எழுதிவிட வேண்டும். ஏறிய முதல் நாளே உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லி வைத்தால், மறுநாளுக்குப் பருப்பும் சாதமும் கேட்டு வாங்கலாம். பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட் கையில் இருந்தால் தைரியம். இரவு உணவுக்கு இரண்டு பந்தி இருக்கும் கப்பலில், சர்க்கரை உள்ளவர்கள் சீக்கிரப் பந்தியைக் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று, துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். மாத்திரை, இன்சுலின், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

தெப்பக்குளம் சொன்ன உண்மை

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். நகருக்குப் பக்கத்தில் மெண்டன்ஹால் பனியாறு. ‘நகெட் அருவி வரைக்கும் எல்லாரும் நடக்கலாம்’ என்றார் மகன்.

“நான் தினமும் தெப்பக்குளத்தை ரெண்டு சுத்து சுத்துறவன்” என்றார் தாத்தா.

“ஒரு சுத்து முடியுமுன்னே பெஞ்சுல உக்காந்துருவாரு. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறது நான்தானே!” என்றார் அப்பத்தா.

அருவிக்குப் போகவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே குறுகிய, சமதளமான பாதை உண்டு. அங்கிருந்தே பனியாறு தெரியும். எனவே மகனும் பேத்தியும் அருவிக்கு, மற்றவர்கள் சமதளப் பாதைக்கு. எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

சக்கர நாற்காலி தேவைப்படுமென்றால் சொந்தமாகவோ வாடகைக்கோ கொண்டுபோக வேண்டும். கப்பலில் இருப்பது பெரும்பாலும் ஏறி இறங்கவும் அவசரத்துக்கும்தான். கரையில் நிற்காமல் படகில் கொண்டுவிடும் ஊர் எது என்பதையும் முன்பே கேட்க வேண்டும்.

ஸ்காக்வே ஊரில் எல்லாரும் சேர்ந்து போவது மலை ரயில். தங்க வேட்டை நாட்களில், 1898-ல் போடத் தொடங்கி 1900-ல் முடித்த பாதை அது. நம் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயில் ஓடத் தொடங்கியது 1899-ல். ஏறக்குறைய ஒரே வயது! உச்சிக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்குள்தான். பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. அந்த ஒரு வரியை மருமகள் இரண்டு முறை படித்துக் காட்டினார்.

மங்கி கேப் போதுமா?

ஜூன், ஜூலையில் அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் பகல் வெப்பம் சராசரியாக 15 டிகிரியைத் தாண்டும். கொடைக்கானல் மாதிரிதான். ஆனால் மழை அடிக்கடி வரும். கெட்சிகன் ஊர் மழைக்கே பேர்போனது. பனியாற்றின் எதிரே மேல்தளத்தில் நின்றால் காற்று ஊசி மாதிரி குத்தும்.

ஒரே கனமான கோட்டைவிட அடுக்கடுக்காகப் போடுவதுதான் சரி. உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் ஜாக்கெட். சேலைதான் கட்டுவேன் என்பவர்கள் உள்ளே தெர்மல் லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளலாம். செருப்புக்குப் பதில் ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை, காதை மூடும் மங்கி கேப்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்கு ஒரு நாளில் இரண்டு பெரிய க்ரூஸ் கப்பலுக்குத்தான் அனுமதி. பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். சுமார் 230 வருடங்களுக்கு முன்னால் இந்த விரிகுடா முழுக்கப் பனியாக இருந்தது. இன்று கப்பல் 100 கிலோமீட்டர் உள்ளே போகிறது. பனியின் முன்னே கப்பல் மெதுவாகச் சுற்றித் திரும்புவதால் இரண்டு பக்கத்து அறைகளுக்கும் காட்சி கிடைக்கும். குளிரில் நிற்க முடியாதவர்கள் பால்கனிக் கதவுக்குப் பின்னாலிருந்தே பார்க்கலாம்.

தாத்தாவின் பங்கு

விளம்பரத்தில் இருக்கும் தொகை முழுத் தொகை இல்லை. வரி, வைஃபை, ஊர்சுற்றல் எல்லாம் தனி. பணியாளர்களுக்கான தினசரி டிப்ஸ் ஒருவருக்கு 16 டாலர் என்று வைத்தாலே, ஏழு பேருக்கு ஏழு நாளில் 784 டாலர். டாக்டர் கப்பலிலேயே உண்டு, ஆனால் கட்டணம் உண்டு. ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு மலைக்க வைக்கும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணம், ஏற்கெனவே உள்ள நோய், அவசர இடமாற்றம் மூன்றும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கைக்குழந்தைக்குக் குறைந்தபட்ச வயது, கர்ப்பிணிக்கு வார வரம்பு போன்ற விதிகளும் உண்டு.

“மொத்தச் செலவும் உன் தலையிலயா?” என்று தாத்தாவுக்குத் தூக்கமே வரவில்லை. ‘நீங்க சும்மா வாங்கப்பா’ என்பது அன்பான பதில்தான், ஆனால் அவருக்கு அது ஆறுதலாக இல்லை. கடைசியில் மருமகள் கேட்டார், “மாமா, அந்த மலை ரயிலுக்கு ஏழு டிக்கெட் நீங்க எடுத்துத் தர்றீங்களா?”

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் பென்ஷன்ல எடுத்துடுறேன்மா.”

இன்னொரு ஒப்பந்தமும் எழுதினார்கள். ஏழு இரவில் இரண்டு இரவு மட்டும் பேரனைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அவன் பெற்றோர் பொறுப்பு. அப்பத்தா வருவது பிள்ளை பார்க்க அல்ல, பனியாறு பார்க்க.

அடுத்த ஞாயிறு. அதே காபி நேரம், அதே வீடியோ கால். யாரும் எதுவும் கேட்கும் முன் அப்பத்தாவே ஆரம்பித்தார்.

“ஏம்மா, விளக்குத்தூண் பக்கம் போறேன். மங்கி கேப் ஏழா வாங்கவா, இல்ல சின்னவனுக்கு ஒண்ணு கூடுதலா வாங்கவா?”