மையும் வேண்டாம், மாயக் கண்ணும் வேண்டாம்!

மண்ணுக்குள் மறைந்திருப்பதைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற ஆசை மனிதனை என்றுமே விட்டதில்லை. 2019-இல் சீனாவில் ஒரு தொடர் வெளிவந்தது. 'தங்கக் கண்' என்று பொருள்படும் பெயர். அடகுக் கடை ஊழியன் ஒருவனுக்குக் கண்ணில் அடிபடுகிறது. அதன்பின் பழம்பொருள்களை ஊடுருவிப் பார்க்கும் ஆற்றல் அவனுக்கு வந்துவிடுகிறது. அசல் எது, போலி எது என்று நொடியில் சொல்லிவிடுவான்! நானும் பார்த்தேன், ரசித்தேன்.

கதையைக் கதையாக விட்டுவிட்டால் கேடில்லை. ஆனால் எங்கள் புதியம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில், வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் புதையல் தெரியும் என்ற பேச்சு இன்றும் அடங்கவில்லை. முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால், உள்ளே பொன் இருக்குமென்று உடைத்துவிடுகிறார்கள். பொன் இல்லையென்றால் ஓடுகளை வரப்பில் வீசிவிட்டுப் போகிறார்கள்.

நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார். கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. ஆயினும், நம் தொன்மைக்குக் காலம் குறித்துத் தந்தவற்றுள் ஒன்று பொன்னன்று, நெல்!

ஆம், நண்பர்களே! சிவகளைப் பரம்பில் சிதறிக் கிடந்த ஓடுகளின் அருமை ஒரு வரலாற்று ஆசிரியரின் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. 2020-இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. தாழிக்குள் இருந்த நெல்மணியைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில், காலம் கி.மு. 1155 எனத் தெரிந்தது. உயிர் நீங்கிய பொருளில் உள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்று நாம் வகுப்பில் படிக்கிறோமே, அந்தக் கணக்குத்தான் இது. அடகுக் கடையில் அந்த நெல்லுக்குக் காலணாவாவது தருவார்களா? தாழியை உடைத்து மண்ணைக் கிளறியிருந்தால் அந்தச் சான்றும் மண்ணோடு போயிருக்கும்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, பாட்டன் பூட்டன் வரலாறு என்ற உரிமையோடும் நாம் அதைச் செய்ய வேண்டும். கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தாழி தென்பட்டால், கைவைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள் என்று ஊரில் எடுத்துச் சொல்ல, படித்த நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை வரலாற்று மாணவரையும் அறிவியல் மாணவரையும் ஒன்றாக ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கு ஓர் ஓட்டுத் துண்டைக் கையில் ஏந்திப் பார்த்தவன், பிறகு எந்தத் தாழியையும் உடைக்க மாட்டான். உடைக்கவும் விட மாட்டான்.