கோயில் ஆளு கொலைக் கதை படிக்கலாமா?

 

போன வாரம் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது, என் பையில இருந்த புத்தகத்தைப் பார்த்துட்டு ஓர் அக்கா, "சாமி புத்தகமா தம்பி?"ன்னு கேட்டாங்க. "இல்லக்கா, கொலைக் கதை"ன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. அன்னிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போ சொல்றேன்.

நான் வழக்கமா படிக்கிறது வாரியார் சுவாமிகள் நூல்களும் பெரியபுராணக் கதைகளும்தான். இந்த நாவல் என் மகள் கொடுத்தது. அகதா கிறிஸ்டி எழுதி 1939-ல் இங்கிலாந்தில் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்'. என் ஆங்கிலத்துக்கு ரெண்டு வாரம் பிடிச்சது.

டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு. அங்கே பத்துப் பேர் வந்து சேர்றாங்க. வரவழைச்சவரைக் காணோம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒரு கிராமபோன் தட்டு பேசுது. பத்துப் பேர் மேலேயும் ஆளுக்கொரு கொலைப் பழி. எதுவும் சட்டத்துல சிக்காதது. அப்புறம் ஒவ்வொருத்தரா சாகிறாங்க. மேசையில இருந்த பத்துப் பொம்மைகளும் ஒவ்வொண்ணா குறையுது. படகும் வரலை. தீவு முழுக்கத் தேடியாச்சு, வெளியாள் யாருமில்லை.

ஃபேக்டரியில இத்தனை வருஷம் ஆள்களைப் பார்த்தவன், கொலைகாரனைச் சுலபமா பிடிச்சிடலாம்னு நினைச்சேன். நான் சந்தேகப்பட்ட ஆளே அடுத்துச் செத்துப்போனார். இன்னொருத்தரைப் பிடிச்சேன், அவரும் போயிட்டார். முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க. ஆனா எனக்கு ஒண்ணு புரிஞ்சது. பேச்சு பிடிக்காதவங்க, முகம் பிடிக்காதவங்க மேலதான் நான் வரிசையா சந்தேகப்பட்டிருக்கேன்.

அப்போதான் பழசு ஒண்ணு ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அன்னதானக் கணக்குல 150 வெள்ளி குறைஞ்சது. புதுசா தொண்டுக்கு வந்த ஒரு தம்பி மேல எனக்குச் சந்தேகம். கையில பச்சை குத்தியிருப்பான், யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டான், அவ்வளவுதான் காரணம். "அவன்கிட்ட ரசீது புத்தகம் கொடுக்காதீங்க"ன்னு ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். அது அவன் காதுக்குப் போச்சு. அதோட அவன் வரலை. மூணு வாரம் கழிச்சுப் பணம் காய்கறிக்கடை பில் உறைக்குள்ள கிடைச்சது. உள்ளே வச்சது நானே.

சிலப்பதிகாரத்துல பொற்கொல்லன் பேச்சை நம்பி, பாண்டியன் விசாரிக்காமலே கோவலனைக் கொல்லச் சொன்னான். உள்ளே இருக்கிறது முத்தா மாணிக்கமான்னு சிலம்பை உடைச்ச பிறகுதான் தெரிஞ்சது. அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டு, கண்ணகிக்காக அழுதிருக்கேன். நானும் ஒரு பாண்டியன்தான்னு ஒரு தடவைகூட தோணினதில்லை. நல்ல புத்தகம் படிக்கும்போதெல்லாம் நல்லவங்க பக்கமே நின்னு படிச்சுப் பழகிட்டேன். இந்தக் கொலைக் கதைதான் என்னை எதிர்ப்பக்கம் நிறுத்திக் காட்டிச்சு.

அதனால, படிக்கலாம் அக்கா. பக்தி நூலை விடச் சொல்லலை. நடுநடுவே இப்படி ஒண்ணும் படிங்க. அடுத்த தடவை உண்டியல் கணக்கு இடிச்சாலோ, செருப்பு காணாம போனாலோ, வாட்ஸ்அப்ல பேர் போடுறதுக்கு முன்னாடி கை கொஞ்சம் தயங்கும்.

போன ஞாயிறு அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அங்கிள்"னான். கோயிலுக்கு இன்னும் வரலை. யாருன்னு தேடாதீங்க. என்னைக்காவது வந்தான்னா யாரும் எதுவும் கேட்காதீங்க. ரசீது புத்தகத்தை நானே அவன் கையில கொடுக்கணும்.

முருகன் துணை.